அசெரெராக்கின் கல்லறையில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன் இரவு

சிகாகோ புறநகரிலிருந்து 12ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் விஸ்கான்சின் எல்லையைத் தாண்டி லேக் ஜெனீவா என்ற சிற்றூர் வந்துவிடும். பனி கொட்டியதால் எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோடையில் சிகாகோ பணக்காரர்கள் படகு விடும் ஊர் இது. பிப்ரவரியில் ஏரி உறைந்து வெள்ளைத் தரையாகக் கிடக்கிறது. கரையோர வீட்டுக்காரர்கள் படகுத்துறைகளைக் கழற்றிப் புல்வெளியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வாடகை பாதிதான். நாங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றக் காரணத்தைச் சொன்னால் என் கணவர் இன்னும் சிரிக்கிறார். ஐந்து நாள் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, மேசையைச் சுற்றிப் பகடை உருட்டிச் சாகப் போகிறோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு பிறந்த ஊர் இதுதான். அந்த விளையாட்டுக்காக எழுதப்பட்ட நிலவறைகளில் மிகக் கொடியது என்று பெயரெடுத்த ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ (Tomb of Horrors) கல்லறையை அது பிறந்த ஊரிலேயே ஆடிப் பார்க்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. 2020 ஊரடங்கின்போது காணொளி அழைப்பில் எங்களுக்கு இந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவன் அவன்தான். உடன் வந்திருப்பவர்கள் அவனுடைய கல்லூரி நண்பரும் அவர் மனைவியும். அவர் பாலங்கள் கட்டும் என்ஜினியர். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நடத்துபவர் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். நாங்கள் அவரை வாத்தியார் என்போம். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்த நாள் முதல் அவரும் தம்மை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வாத்தியாரிடம் ஒரு புத்தகமும் வரைபடமும் உண்டு. இடம் எப்படி இருக்கிறது என்று அவர் சொல்வார். எங்கள் பாத்திரங்கள் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்வோம். சந்தேகமான இடத்தில் இருபது முகப் பகடை முடிவு செய்யும். பலகை, காய் எதுவும் கட்டாயமில்லை. எல்லாம் வாயில்தான் நடக்கும்.

புத்தகம் 1978இல் அச்சானது. பழுப்பேறிய, மெலிந்த நூல். பள்ளிக்கூடத்தில் படித்தபோது புல் வெட்டிச் சம்பாதித்த காசில் வாங்கியது என்று வாத்தியார் பெருமையாகச் சொன்னார். எழுதியவர் இந்த ஊர்க்காரர் கேரி கைகாக்ஸ். 1975இல் பால்டிமோரில் நடந்த ஒரு விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காக இதைக் கொண்டுபோனார். தம் கூட்டத்தில் இரண்டு பேர் எதிலும் சாகாமல் தப்பித்துக்கொண்டே இருந்ததால் அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதினாராம். அவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மகன்.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. இந்த விளையாட்டை உருவாக்குவதற்கு முன் கைகாக்ஸ் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இடர் மதிப்பிடும் வேலை பார்த்தவர். யாருக்கு எப்போது என்ன ஆகும் என்று அட்டவணை பார்த்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர். 1970இல் அந்த வேலை போன பிறகு வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்திருக்கிறார். இப்படிப்பட்டவர் கட்டிய கல்லறைக்குள் போகிறோம்.

ஆளுக்கு இரண்டு பாத்திரங்கள், அதற்கு மேல் கிடையாது என்றார் வாத்தியார். புத்தகத்தின் பின்புறம் ஆயத்தமாக இருபது பேர் இருக்கிறார்கள். எண்கள் உண்டு, பெயர் இல்லை. பெயரை நாங்கள் வைத்தோம். எனக்குப் பூங்கோதை என்ற பூசாரினியும் சாத்தன் என்ற திருடனும். தம்பிக்கு இடும்பன், செங்கோடன் என்று இரண்டு தடியர்கள். என்ஜினியருக்குக் கல்லாடன் என்ற குள்ளவீரனும் சிட்டு என்ற குட்டித் திருடனும். நர்ஸுக்கு மின்னி என்ற மந்திரக்காரியும் நல்லாள் என்ற பூசாரினியும். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எட்டுப் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம் போட்டாள். மருத்துவமனைப் பழக்கம்.

இன்று ஒரு மணி நேரம்தான் ஆடினோம். அறுபதடி உயரத்தில் ஒரு தட்டையான குன்று. உச்சியில் கிடக்கும் கரும்பாறைகளை மேலிருந்து பார்த்தால் மண்டையோடு மாதிரி தெரியும். வடக்குப் பக்கம் மணலும் சரளையுமாக ஒரு சரிவு. அதைத் தோண்டினால் வாசல்கள் மூன்று. இரண்டு பொய். முதலாவதில் நுழைந்து கதவைத் தள்ளினோம். கூரை சரிந்தது. ஒருவரும் சாகவில்லை, ஆனால் எல்லாருக்கும் பாதி உயிர் போயிற்று.

கதவைத் தள்ளியவள் நான்.

இரண்டாம் நாள், வெள்ளி இரவு

காலையில் உணவு தேடி ஊருக்குள் நடந்தோம். வெப்பநிலை மைனஸ் 14. பிராட் தெருவில் ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால் இருக்கிறது. 1911இல் தோட்டக்கலைக் கண்காட்சிகளுக்காகக் கட்டிய மண்டபம். 1968 ஆகஸ்டில் கைகாக்ஸ் அதை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்துப் போர் விளையாட்டு ஆடுகிறவர்களைக் கூட்டினார். ஜென் கான் என்ற விளையாட்டு மாநாட்டின் தொடக்கம் அதுதான். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். சென்டர் தெருவில் அந்தக் குடும்பம் அப்போது வசித்த வீடு உள்ளது. நிற்காமல் கடந்துவிட்டோம். தம்பி மட்டும் நான்கு முறை திரும்பிப் பார்த்தான்.

பதினொரு மணிக்கு ஆட உட்கார்ந்தோம். எழுந்தபோது ஏரியில் இருட்டிவிட்டது.

மூன்றாவது வாசல்தான் உண்மையானது. உள்ளே நீண்ட தாழ்வாரம், பளிச்சென்ற நிறங்கள். சுவர் முழுக்க ஓவியங்கள்: மாடு மேயும் வயல், புத்தக அறை, சித்திரவதைக் கூடம், விலங்குத் தலை கொண்ட மனிதர்கள். தரையில் சிவப்பு ஓடு பதித்த இரண்டடி அகலப் பாதை வளைந்து வளைந்து போகிறது. வாத்தியார் ஒவ்வொன்றையும் தனிப் படப் புத்தகத்தில் காட்டினார். இந்த நிலவறைக்கென்றே வரைந்த படங்கள். படத்தில் தெரிவது சில சமயம் துப்பு, சில சமயம் பொறி. எது எதுவென்று சொல்ல மாட்டார்.

சிவப்புப் பாதையில் நடந்தால் பாதுகாப்பு என்று நினைத்தோம். பாதை நடுவிலேயே குழி. சிட்டு விழுந்தான். பத்தடி ஆழம் ஒன்றுமில்லை, அடியில் நட்டிருந்த முட்களில் நஞ்சு. என்ஜினியர் பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது. நர்ஸ் முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

அதன் பிறகு பத்தடிக் கழி எடுத்துத் தட்டித் தட்டி நடந்தோம். ஓரடிக்கு ஒரு தட்டு. கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆடும்போது அப்படி இல்லை. “கழியால் தட்டுகிறேன்” என்று சொல்ல மறந்த ஒரு தடவையில்தான் சாவு என்று தெரிந்துவிட்டால், அந்தச் சொல்லைச் சுவாமி பெயர் மாதிரி உச்சரிக்கத் தொடங்கிவிடுவோம். நர்ஸ்தான் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். சிவப்புப் பாதையின் ஓடுகளுக்கிடையே எழுத்துகள் உள்ளன, குனிந்து பார்த்தால் வாசிக்கலாம். கல்லறைக்குரிய அசெரெராக் எங்கள் கண் கூர்மையைப் பாராட்டி எழுதிய விடுகதை. பச்சையை ஒதுக்கு, இரவின் நிறம் துணிந்தவருக்கு, மந்திர உலோக வளையம் ஒன்றைக் காணிக்கையாக்கு, பொய்யைக் கண்டால் உண்மையைக் காண்பாய் என்கிற மாதிரி வரிகள். அவள் முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நாங்கள் மூவரும் அதற்குள் எழுந்து தேநீர் போடப் போய்விட்டோம்.

இனி வருவதை எழுதக் கை கூசுகிறது.

தாழ்வாரத்தின் கோடியில் வழி இரண்டாகிறது. ஒரு பக்கம் பனிமூட்டம் நிறைந்த வளைவு, அதைச் சுற்றி ஒளிரும் கற்கள். இன்னொரு பக்கம் சுவரில் பெரிய பச்சை அரக்க முகம். வாய் அகலத் திறந்திருக்கிறது. ஆள் நுழையலாம். வாய்க்குள் கரிய இருட்டு. விளக்கை நீட்டினாலும் ஒன்றும் தெரியவில்லை.

“இடும்பன் உள்ளே ஏறுகிறான்” என்றான் தம்பி.

“நிச்சயமாகவா?” என்று கேட்டார் வாத்தியார். அந்தக் கேள்வியை அவர் கேட்டாலே கையை எடுத்துவிட வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

“நிச்சயமாக.”

“சரி. ஏறிவிட்டான்.”

நாங்கள் காத்திருந்தோம். வாத்தியார் தம் காப்பியைக் குடித்தார்.

“அவன் குரல் கேட்கிறதா?” என்று நான் கேட்டேன்.

“கேட்கவில்லை.”

“கூப்பிட்டால்?”

“பதில் இல்லை.”

எனக்குத் தோன்றியது இதுதான்: சத்தம் வராததால் உள்ளே தூரம் அதிகம். வளைவு போல இதுவும் வேறு அறைக்குக் கொண்டுபோகிற வழி. அங்கே அவன் தனியாக எதனுடனோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். பூங்கோதையிடம் காயம் ஆற்றும் மந்திரம் இருக்கிறது. “நானும் ஏறுகிறேன்” என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அக்கா, பச்சையை ஒதுக்கு என்று எழுதியிருக்கிறது” என்றாள். வாத்தியார் என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன்.

அந்த வாய்க்குள் அறை இல்லை, வழியும் இல்லை. தொட்டதை எல்லாம் இல்லாமல் ஆக்கும் கரிய உருண்டை ஒன்று அசையாமல் நிற்கிறது. பகடை கிடையாது. காயம் கிடையாது. தலையை நுழைத்த கணத்தில் தலை இல்லை. உலகம் முழுக்க, ஐம்பது ஆண்டாக, மேசைக்கு மேசை இதே வாய்க்குள் ஒருவர் பின் ஒருவராக ஏறியிருக்கிறார்கள் என்று வாத்தியார் பிறகு சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னார். ஆறுதலாக இல்லை.

நர்ஸ் இரண்டு கோடுகள் போட்டாள். எட்டில் மூன்று போயிற்று. தம்பி வெளியே போய் உறைந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள், சனி, நள்ளிரவு தாண்டி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர் தொலைபேசியில் கேட்டார்: “உன் தம்பி கிணற்றில் குதித்தால் நீயும் குதிப்பாயா?” எங்கள் அம்மா இருபது ஆண்டு கேட்ட கேள்வி. அப்போதும் நான் விடை சொன்னதில்லை.

இன்று யாரும் சாகவில்லை. இருந்தாலும் மானம் போயிற்று.

மீதமிருந்த ஐவரும் பனி வளைவுக்குள் போனார்கள். கற்களைச் சரியான வரிசையில் அழுத்தியிருக்க வேண்டுமாம், நாங்கள் அழுத்தவில்லை. போய் விழுந்த இடம் சின்னஞ்சிறு சிறை. கதவில்லை. சுவரில் மூன்று இரும்பு நெம்புகோல்கள், அவ்வளவுதான். மேலே தள்ளலாம், கீழே இழுக்கலாம். ஒன்றை மட்டும் அசைத்தால் எதுவும் நடக்கவில்லை. தம்பி மூன்றையும் ஒரேயடியாகக் கீழே இழுக்கத் துடித்தான்.

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். “முதலில் சுவரில் இரும்பு முளைகளை அறைகிறோம். ஐந்து முளை. ஒவ்வொருவரும் இடுப்பில் கயிறு கட்டி முளையில் முடிகிறோம். கால் தரையைத் தொடாத உயரத்தில் தொங்குகிறோம். அப்புறம் மின்னி கழியால் மூன்று நெம்புகோல்களையும் சேர்த்துக் கீழே இழுக்கிறாள்.” இவ்வளவையும் மூச்சு விடாமல், நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுக்கிற குரலில் சொன்னாள். முடிச்சு என்ன வகை என்று என்ஜினியர் கேட்டார். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

தரை திறந்துகொண்டது. கீழே நூறடி. ஐந்து பேரும் கயிற்றில் மாம்பழக் கொத்து மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். பின்னர் மூன்றையும் மேலே தள்ளியதும் கூரையில் சிறு துளை திறந்தது. தவழ்ந்து வெளியேறினோம்.

இந்த நிலவறையைப் பற்றி நான் முதலில் நினைத்தது தவறு என்று அப்போதுதான் பட்டது. பலசாலிக்கான இடம் இல்லை இது. எங்கள் பாத்திரங்கள் பத்தாம் படிக்கு மேற்பட்டவர்கள், டிராகனை அடித்து வீழ்த்தக்கூடியவர்கள். இங்கே அடிப்பதற்கு ஆளே இல்லை. இருப்பது சுவர், கதவு, கல், ஓவியம். நீ என்ன செய்கிறாய் என்று கேட்கும்போது வாயிலிருந்து வரும் வாக்கியம்தான் உன் ஆயுதம். நர்ஸின் வாக்கியத்தில் முளை இருந்தது, கயிறு இருந்தது, முடிச்சு இருந்தது. என் வாக்கியத்தில் “நானும் ஏறுகிறேன்” மட்டும்தான் இருந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தத்துவத்தை எல்லாம் நான் மாலை நான்கு மணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு நடந்தது கீழே.

தவழும் வழி ஒரு பெரிய மண்டபத்தில் முடிந்தது. சுவர்களில் மனிதர்களும் விலங்குகளும் நிறநிறமான உருண்டைகளை ஏந்தி நிற்கிறார்கள். சில உருண்டைகள் வெறும் மாயை, அவற்றுக்குப் பின்னால் குகை வழி. மண்டபத்தின் கோடியில் இன்னொரு பனி வளைவு. சுற்றிலும் ஆலிவ், பழுப்புச் சிவப்பு, எலுமிச்சை நிறக் கற்கள். என்ஜினியர் கணக்குப் போட்டார்: முதல் வளைவு நம்மை முன்னே தள்ளியது, இதுவும் தள்ளும். நானும் தம்பியும் தலையாட்டினோம். நர்ஸ் மின்னியை மட்டும் எங்களோடு அனுப்பினாள். “நல்லாள் இங்கேயே நிற்கிறாள். இரண்டு பேரையும் ஒரே இடத்துக்கு நான் அனுப்புவதில்லை.”

நால்வர் நுழைந்தோம். கண் விழித்தால் கல்லறையின் முதல் தாழ்வாரம். மாடு மேயும் அதே வயல் ஓவியம்.

“குளிர்கிறது” என்றார் வாத்தியார்.

“ஏன்?”

“உடம்பில் ஒன்றும் இல்லை.”

அந்த வளைவு உயிருள்ளதை வாசலுக்கும், உயிரற்றதை எல்லாம் அசெரெராக் கிடக்கும் அறைக்கும் அனுப்பிவிடுகிறது. வாள், கவசம், மந்திரச் சுருள், கோவணம் எல்லாம் போயிற்று. உலகத்தின் தலைசிறந்த வீரர்கள் நான்கு பேர் பிறந்தமேனியாக நிற்கிறார்கள். என்ஜினியர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் தோள் குலுங்கியதில் பகடைகள் உருண்டு கம்பளத்தில் விழுந்தன. கோபப்பட வேண்டிய இடத்தில் எங்களால் சிரிக்கத்தான் முடிந்தது. காப்பீட்டு அட்டவணையில் இப்படியொரு விபத்துக்கு வரிசை இருந்திருக்குமா?

வெளியே குதிரைகளோடு விட்டுவந்த மூட்டையில் பழைய சட்டைகளும் இரண்டு துருப்பிடித்த வாள்களும் இருப்பதாக வாத்தியார் இரக்கப்பட்டார். அவற்றை அணிந்துகொண்டு, மறுபடி வளைவு, மறுபடி சிறை, மறுபடி கயிறு. இரவு பதினொன்றரைக்கு நல்லாளிடம் போய்ச் சேர்ந்தோம். அவள் தின்ன ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாளா என்று தம்பி கேட்டான். கேட்டது நல்லாளிடமா, நர்ஸிடமா என்று தெரியவில்லை. எலுமிச்சைச் சாதம் வந்தது.

நான்காம் நாள், ஞாயிறு

குறைவாகத்தான் எழுதப் போகிறேன். தலைவலி.

காலையில் வாத்தியார் எங்களை ஏரிக்கரைப் பாதையில் நடக்க வைத்தார். ஏரியைச் சுற்றி முழுவதும் போனால் ஏறக்குறைய 21 மைல். பொட்டாவட்டோமி மக்கள் தங்கள் குடியிருப்புகளுக்கிடையே நடந்து உண்டாக்கிய தடம். இப்போது கோடீஸ்வரர்களின் முற்றங்கள் வழியாகப் போகிறது, ஆனால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். கோடையில் இங்கே தபால் படகில் வரும். படகு நிற்காது. தபால்காரப் பிள்ளை படகிலிருந்து துறைக்குத் தாவி, கடிதத்தைப் போட்டு, ஓடிவந்து மறுபடி படகில் தாவ வேண்டும். தவறினால் தண்ணீர். வாத்தியார் இதைச் சொல்லும்போது தம்பியின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. அந்த வேலைக்கு விண்ணப்பித்துவிடுவான் போலிருக்கிறது.

இரவின் நிறம் துணிந்தவருக்கு என்ற வரியை வைத்து, மண்டபச் சுவரில் இருந்த கரிய மாய உருண்டை வழியே தவழ்ந்தோம். ஒரு வழிபாட்டு அறை. பலிபீடம் நீலமாக ஒளிர்கிறது. கருங்கவசம் அணிந்த எலும்புக்கூடு ஒன்று செம்மஞ்சள் வளைவைக் கைகாட்டிக் கிடக்கிறது. செங்கோடன் பலிபீடத்தைத் தொட்டான். மின்னல். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லாடன் வளைவுக்குள் போனான். திரும்பி வரும்போது ஆண் பெண்ணாகியிருந்தது. நல்ல மனம் கெட்ட மனமாகியிருந்தது. என்ஜினியர் அதற்குப் பிறகு வாத்தியாருக்குத் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் எழுதும்போதெல்லாம் மனைவி சந்தேகமாகப் பார்த்தாள்.

இந்த வளைவைப் பற்றி எனக்கு வாத்தியாரோடு சண்டை. பச்சை முகத்தைப் பற்றி எழுத்து எச்சரித்தது, நான் கேட்கவில்லை, என் தவறு. இங்கே என்ன எச்சரிக்கை? எலும்புக்கூட்டை நம்பாதே என்பதா? யோசிக்கிறவர்களுக்கான நிலவறை என்றால் யோசிக்க ஏதாவது கொடுக்க வேண்டாமா? கையெழுத்துப் போட்ட பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி தருகிற காப்பீட்டு ஒப்பந்தம் மாதிரி இருக்கிறது. “முதலில் ஒரு கோழியை வளைவுக்குள் அனுப்பியிருக்கலாமே” என்றார் வாத்தியார். கைகாக்ஸை வென்ற அந்த இருவரில் ஒருவர், ராப் குன்ட்ஸ், தம் ஓர்க் என்ற அரக்க இன அடியாட்களை முன்னே அனுப்பி அனுப்பித்தான் பொறிகளைக் கடந்தாராம். நான் என் கட்சியில்தான் இருக்கிறேன். பாதிக்குப் பாதி இது நியாயமில்லாத புத்தகம். அந்த மற்றப் பாதிக்காகத்தான் நாளைக்கும் உட்காரப் போகிறேன்.

வழியை அடைத்திருந்த கல்லில் ஒரு துளை. நல்லாளின் மந்திர மோதிரத்தை அதில் போட்டதும் கல் இறங்கிற்று. மோதிரம் திரும்பி வரவில்லை. பிறகு கதவுக்குப் பின்னால் குழி, மறுபடி கதவு, மறுபடி குழி, கடைசிக் குழிக்குள்ளேயே ஒளித்து வைத்த வழி. மாலை ஏழு மணிக்கு ஒரு கல்லறை அறை. மஞ்சத்தில் பொன்முடி அணிந்த பிணம் எழுந்து உட்கார்ந்தது. பக்கத்தில் கிடந்த தங்கக் கதாயுதத்தால் அடித்தோம். துடித்தது. மறுபடி அடித்தோம். கூரை நடுங்கிற்று. வாத்தியார் எழுந்து நின்று, உரத்த குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். ஓடினோம். பத்து எண்ணி முடித்தார். தூசி. அமைதி.

கட்டிப் பிடித்துக்கொண்டோம். தம்பி பாட்டுப் போட்டான். வாத்தியார் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை உறையில் போட்டார்.

நர்ஸ் மட்டும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “பொய்யைக் கண்டால் உண்மையைக் காண்பாய்” என்று வாசித்தாள். “நம் துணிமணிகள் அசெரெராக் கிடக்கும் அறைக்குத்தானே போயின? அந்த அறையில் ஒரு கோவணம்கூட இல்லையே.”

பாட்டை நிறுத்தினோம். வாத்தியார் புத்தகத்தை மறுபடி வெளியே எடுத்தார்.

ஐந்தாம் நாள், திங்கள்

ஜனாதிபதிகள் தின விடுமுறை. காலை பதினொரு மணிக்கு வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே உட்கார்ந்தோம். இதை வீட்டுக்கு வந்த பிறகு எழுதுகிறேன்.

கூரை விழவே இல்லை. அது நாடகம். அறைக்குப் பின்னால் வழி தொடர்ந்தது. மூன்று தொட்டிகள், அவற்றின் அடியில் இரண்டு பாதியாகக் கிடந்த தங்கச் சாவி, மயக்கப் புகை. இவற்றை எல்லாம் கழியும் கயிறுமாகக் கடந்தோம். அவசரப்படாத ஆட்டத்தைப் பற்றி எழுதச் சுவையாக ஒன்றும் இருப்பதில்லை.

தூண்கள் நிறைந்த அரச மண்டபம். தூணைத் தொட்டால் உடல் மிதக்கத் தொடங்கும். நாங்கள் தொடவில்லை. பெருமையாக இருந்தது. சிம்மாசனத்தில் ஒரு கிரீடமும் ஒரு செங்கோலும். செங்கோலின் ஒரு முனை தங்கம், மறுமுனை வெள்ளி. கெட்ட மனம் படைத்த கல்லாடன், என்ஜினியரின் கடைசிப் பாத்திரம், கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். மண்டபத்துக்குள் கண் தெரிகிறது. வெளியே கால் வைத்தால் குருடு. கழற்றினால் கழலவில்லை.

“செங்கோலால்தான் கழற்ற முடியும் போலிருக்கிறது” என்றார் என்ஜினியர். “எந்த முனை?”

சிம்மாசனத்தின் அடியில் வெள்ளியில் இழைத்த சிறு கிரீட உருவம் இருப்பதை நான் பார்த்திருந்தேன். முதல் தடவையாக ஒரு துப்பைக் கவனித்தேன் என்ற மிதப்பு எனக்கு. சாத்தன் செங்கோலை எடுத்தான். வெள்ளி முனையால் கல்லாடனின் கிரீடத்தைத் தொட்டான்.

கல்லாடன் ஒரு பிடி தூள்.

வெள்ளி முனை சிம்மாசனத்தின் அடியிலிருக்கும் உருவத்துக்கு. தலையிலிருக்கும் கிரீடத்துக்குத் தங்க முனை. துப்பு சரி, தொட்ட இடம் தவறு. என்ஜினியர் என்னைப் பார்த்தார். “பரவாயில்லை அக்கா, அவள் உங்கள் எல்லாரையும் கொல்வதாக எழுதிக் கொடுத்திருந்தாள்” என்று சொல்லித் துண்டுச் சீட்டுகளைக் காட்டினார். பதினாறு சீட்டுகள். கணவனின் கையெழுத்தில் தன் பெயரை முதலில் பார்த்ததும் நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் அதை மடித்து நோட்டில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளி முனையை அடியில் வைத்ததும் சிம்மாசனம் கீழே இறங்கிற்று. அதற்குப் பின்னால் மித்ரில் என்ற அரிய உலோகத்தில் செய்த கதவுகள். வெட்டினால் குருதி கொட்டும். வெட்டவில்லை. பிறகு ஒரு வெற்றறை, தரையில் சாவித் துளை.

அந்த அறையில் கிடந்தன எங்கள் துணிமணிகள். நான்கு பேருடைய வாள், கவசம், சுருள், கயிறு எல்லாம் குவியலாக. ஒன்றரை நாளாக இங்கே கிடக்கின்றன. நர்ஸ் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டாள். இறந்துபோன கல்லாடனின் கவசத்தையும் விடவில்லை.

சாவியைத் திருப்பியதும் தரை பிளந்து ஒரு பெட்டக அறை மேலே எழும்பிற்று. நடுவில் நின்றிருந்தால் கூரையில் நசுங்கியிருப்போம். ஓரத்தில் நின்றோம். உள்ளே பொன், மணி, மந்திரப் பொருள். கொஞ்சம் தூசி. ஒரு மண்டையோடு. கண்ணிடத்தில் இரண்டு மாணிக்கங்கள், பல்லிடத்தில் ஆறு வைரங்கள்.

அவ்வளவுதான் அசெரெராக். ஒரு காலத்தில் மந்திரக்காரன். பிறகு சாகாத பிணம். உடலும் உதிர்ந்த பின் எஞ்சியது இது. டெமிலிச் என்று பெயர்.

“மின்னியும் நல்லாளும் பொன்னை மூட்டை கட்டுகிறார்கள். மண்டையோட்டின் பக்கம் போகவில்லை. கட்டிய கையோடு வெளியேறுகிறார்கள்” என்றாள் நர்ஸ். தூசி சுழன்று மனித உரு எடுத்தது. “அதைக் கவனிக்கவில்லை” என்றாள். தூசி அடங்கிற்று. ராப் குன்ட்ஸும் இப்படித்தான் பொன்னை அள்ளிக்கொண்டு ஓடினார் என்று வாத்தியார் பிறகு சொன்னார். மண்டையோட்டோடு சண்டை போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மணி ஒன்பதே கால். தம்பி மண்டையோட்டின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“செங்கோடன் ஒரு பல்லைப் பிடுங்குகிறான்.”

“நிச்சயமாகவா?” என்றார் வாத்தியார்.

“ஐந்து நாள் வந்து, அவனைத் தொடாமலா போவது?”

மண்டையோடு எழும்பிற்று. சுற்றிலும் பார்த்தது. எங்களில் பலசாலியைத் தேர்ந்தெடுத்தது. செங்கோடனின் உடல் சரிந்தது. ஒரு வைரத்துக்குள் மினுக்கென்று ஒளி. ஆன்மா அதற்குள்.

நர்ஸின் இரண்டு பெண்களும் அப்போது படியேறிக்கொண்டிருந்தார்கள். சாத்தன் வாசலில் நின்றான். திரும்பினால் தப்பிக்கலாம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“அவன் குரல் கேட்கிறதா?” என்று கேட்டேன்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வைரத்துக்குள்ளிருந்து ஏதோ மெல்லக் கேட்கிற மாதிரி இருக்கிறது.”

இந்தத் தடவை எனக்கு எல்லாம் தெரியும். அறை இல்லை, வழி இல்லை, காப்பாற்ற மந்திரமும் இல்லை. பெட்டகத்திலிருந்து ஒரு பெரிய மணியை எடுத்துக் கவணில் வைத்து மண்டையோட்டை நோக்கி விட்டேன். விலையுயர்ந்த கல் பட்டால் கீறும் என்பது புத்தகத்திலேயே இருக்கும் விதியாம், எனக்குத் தெரியாது, கைக்கு எட்டியதை எறிந்தேன். ஒரு சிறு கீறல் விழுந்தது. அடுத்த முறை அது என்னைப் பார்த்தது. இரண்டாவது வைரம்.

தம்பி என் தோளில் இடித்தான். “போக்கா” என்றான்.

பத்து மணிக்குப் பாத்திரம் கழுவினோம். வாத்தியார் குப்பை கொட்டிவிட்டு வந்தார். நர்ஸ் எட்டுக் கட்டங்களில் ஆறில் கோடு போட்டிருந்தாள். ஆனால் கடைசி இரண்டு கோடுகளும் பென்சிலில் இருந்தன. காரில் ஏறிப் பத்து மைல் போன பிறகு முன்சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:

“அந்த மண்டையோட்டை உடைத்தால் பல்லுக்குள் இருப்பவர்கள் வெளியே வருவார்களா?”

வாத்தியார் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். தம்பி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். “எப்படி உடைக்கிறாய் என்று சொல்” என்றார்.

அவள் நோட்டைத் திறந்தாள்.